திருமயம்: கோட்டைக்குள் கோயிலா, கோயிலைச் சுற்றிக் கோட்டையா?

தேவிபட்டினம் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேரைத் திருமயத்துக்கு அழைத்துச் சென்றோம். இங்கிருந்து தொண்டி, திருவாடானை, தேவகோட்டை, காரைக்குடி வழியாகப் பேருந்தில் போனால், கடற்கரையின் வெண்மணலும் உப்புக் காற்றும் பின்தங்கி, செம்மண்ணும் பாறையும் தொடங்குகிற இடத்தில் அந்தக் குன்று எழுந்து நிற்கும். பயணத்துக்கு வழிகாட்டியாக வந்தவர், இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர் 1687இல் கோட்டையைக் கட்டி, கோட்டைக்குள் இருப்பவர்கள் வழிபடுவதற்காகச் சிவன் கோயிலையும் பெருமாள் கோயிலையும் கட்டினார் என்று பிள்ளைகளிடம் சொன்னார். பிள்ளைகளும் அதை அப்படியே எங்கள் பள்ளிச் சுவர்ப் பத்திரிகையில் எழுதிவிட்டார்கள்.

எழுதிய பிறகு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "ஐயா, பெருமாள் கோயிலைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார் என்று அங்கே சொன்னார்களே, அப்படியானால் ஆழ்வார் சேதுபதிக்குப் பிறகு வந்தவரா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான், சுவர்ப் பத்திரிகையில் எழுதியிருப்பது எவ்வளவு பெரிய பிழை என்பது எனக்கே உறைத்தது. ஆழ்வார் காலம் ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டு, கோட்டையோ 17ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது, இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 900 ஆண்டுகள் கிடக்கின்றன.

பிழையைத் திருத்தி எழுத விரும்புகிறேன். ஆனால் ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதாது என்று தோன்றுகிறது. கோட்டைக்குள் இருக்கும் அந்தக் கோயில்களின் வரலாறு என்ன, எந்தப் பகுதி எந்தக் காலத்தது, எங்கள் சேதுபதி மன்னருக்கு அதில் உள்ள பங்கு என்ன என்பதை முறையாக எழுத வேண்டும். அறிந்தவர்கள் உதவினால் பிள்ளைகளுக்கு நல்லது.

பாம்பன் காற்று:

ஐயாவுக்கு வணக்கம். வழிகாட்டி சொன்னதில் பாதி சரிதான் என்பதை முதலில் பதிவு செய்ய விரும்புகிறேன். திருமயம் கோட்டையைக் கட்டியவர் கிழவன் சேதுபதி என்று நாம் அழைக்கும் இரகுநாத சேதுபதியே. தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றி, இங்கே கோட்டையும் அரண்மனையும் அமைத்தவரும் அவரே. இன்று திருமயம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பதால், அது சேது நாட்டின் வட எல்லைக் காவலாக இருந்த இடம் என்பதே நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விட்டது. ஆகவே திருத்தி எழுதும்போது சேதுபதியின் பெயர் சிறுத்துவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

மேலும், கோட்டைக்குள் மன்னர் கோயில் எழுப்புவது வழக்கத்துக்கு மாறானது அன்று. இராமநாதபுரம் கோட்டைக்குள் அரண்மனை வளாகத்தில் இராஜராஜேசுவரி அம்மன் கோயில் இருக்கிறது. சேதுபதிகளின் குலதெய்வமாகவும் அரசுரிமையின் அடையாளமாகவும் அந்த அம்மன் விளங்கியதையும், நவராத்திரி அங்கே அரச விழாவாகவே நடந்ததையும் இந்தக் கரையில் அறியாதவர் இல்லை. வழிகாட்டி அந்த வழக்கத்தை நினைத்துத் திருமயத்துக்கும் பொருத்திச் சொல்லியிருக்கலாம்.

கல்வெட்டு மாணவன்:

பாம்பன் காற்று அவர்கள் சொன்ன ஒப்பீட்டிலேயே விடை இருக்கிறது. இராமநாதபுரத்தில் அரசர் வந்த பிறகு அம்மன் கோயில் வந்தது. கோட்டை, அரண்மனை, கோயில் மூன்றும் ஒரே அரச வாழ்வின் உறுப்புகள். திருமயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே கோயில்கள் முந்தியவை, ஊர் அவற்றை ஒட்டி வளர்ந்தது, கோட்டை கடைசியாக வந்து எல்லாவற்றையும் தன் மதிலுக்குள் சேர்த்துக்கொண்டது.

திருமயத்தில் இருப்பவை செங்கல்லையோ வெட்டிய கல்லையோ அடுக்கிக் கட்டிய கோயில்களாகத் தொடங்கியவை அல்ல. குன்றின் தென் அடிவாரப் பாறையைக் குடைந்து உருவாக்கிய இரண்டு குடைவரைகளே இரு கோயில்களுக்கும் கருவறை. ஒன்றில் சத்தியகிரீசுவரர் என்னும் சிவபெருமான், இலிங்க வடிவில். அடுத்ததில் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமால். இன்று நாம் பார்க்கும் கோபுரம், மண்டபங்கள், திருச்சுற்று ஆகியவை அந்தக் குடைவரைகளின் முன்னால் பல நூற்றாண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தவை. பின்னால் பாறை, முன்னால் கட்டடம் என்பதால், உள்ளே நுழைகிறவர் கட்டடத்தின் வயதையே கோயிலின் வயது என்று எடுத்துக்கொள்கிறார்.

பெருமாள் குடைவரையின் காலத்துக்கு ஒரு நல்ல சான்று கல்வெட்டில் இருக்கிறது. சாத்தன் மாறன் என்னும், முத்தரையர் எனப்படும் குறுநில மரபைச் சேர்ந்த தலைவனின் தாயார் பெரும்பிடுகு பெருந்தேவி அக்கோயிலைப் புதுப்பித்து, அதற்கு நிலமும் அளித்தார் என்பது அதன் செய்தி. முத்தரையர் இப்பகுதியில் ஓங்கியிருந்தது 8, 9ஆம் நூற்றாண்டுகளில். அவர் கோயிலைத் தோற்றுவித்தார் என்று கல்வெட்டு சொல்லவில்லை, புதுப்பித்தார் என்றே சொல்கிறது. புதுப்பிக்க வேண்டிய நிலையில் ஒரு கோயில் அப்போதே இருந்தது என்றால், அது அதனினும் பழையது. ஓர் அரசியாகக்கூட அல்லாமல், ஒரு தலைவனின் தாயாக மட்டும் அறியப்படும் ஒரு பெண்மணியின் பெயர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக அந்தப் பாறையில் நிற்கிறது என்பதை உங்கள் மாணவிகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தொண்டிக் கரையோரம்:

எனக்கு அடிப்படையிலேயே ஓர் ஐயம் இருக்கிறது. நான் இரண்டு முறை திருமயம் சென்றிருக்கிறேன். நுழைவுச் சீட்டு வாங்கிக் கோட்டைக்குள் ஏறி, உச்சியில் இருக்கும் பீரங்கி வரைக்கும் போய்விட்டு இறங்கினேன். பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் அந்தப் பாதையில் இல்லை. அவற்றுக்குத் தனியாகத் தெருவழியே நடந்து போக வேண்டியிருந்தது. அப்படியிருக்க, கோயில்கள் கோட்டைக்குள் இருக்கின்றன என்று சொல்வதே சரியா? கோட்டைக்கு அருகில் இருக்கின்றன என்பதுதானே பொருத்தம்?

கல்வெட்டு மாணவன்:

நல்ல ஐயம். இன்று தொல்லியல் துறையின் பராமரிப்பில் சீட்டு வாங்கி ஏறும் பகுதி, பழைய கோட்டையின் உள் அடுக்குகள் மட்டுமே. குன்றை மையமாக வைத்து வளையம் வளையமாக மதில்கள் எழுப்பப்பட்டிருந்தன. ஏழு சுற்று மதில்கள் இருந்தன என்பது ஊர் வழக்கு. வெளி வளையங்களில் பெரும்பகுதி இடிந்து, அவற்றின் இடத்தில் வீடுகளும் தெருக்களும் வந்துவிட்டன. ஆனாலும் வெளிக்கோட்டையின் தெற்கு வாயில் இன்றும் நிற்கிறது. அங்கே அனுமனுக்கும் விநாயகருக்கும் கருப்பருக்கும் சன்னதிகள் இருக்கின்றன. அந்த வாயிலைக் கடந்துதான் நீங்கள் ஊருக்குள் போயிருப்பீர்கள். அந்தக் கணத்திலேயே கோட்டைக்குள் நுழைந்துவிட்டீர்கள். நீங்கள் நடந்த தெருவும் அதில் உள்ள வீடுகளும் அடிவாரத்து இரு கோயில்களும் வெளி மதிலுக்கு உட்பட்டவையே.

குன்றின் வடபுறத்தில், கோட்டை மதிலை ஒட்டி வடக்கு நோக்கியிருக்கும் கோட்டை பைரவரையும் இதோடு நினைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் போகும் வண்டிகள் எல்லாம் நின்று தேங்காய் உடைத்துப் போகும் இடம் அது. கோட்டையின் காவல் தெய்வமாக மதிலோடு பிணைந்து நிற்பவர் அவர். கோட்டையோடு வந்த தெய்வங்கள் எவை, கோட்டைக்கு முன்பே இருந்த தெய்வங்கள் எவை என்று பிரித்துப் பார்க்க இது உதவும். வாயில்களிலும் மதில்களிலும் இருப்பவர்கள் காவலர்கள், பாறைக்குள் இருப்பவர்கள் பழையவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் உச்சிக்கு ஏறிய வழியிலேயே, குன்றின் பாதி உயரத்தில், பாறையில் சிறியதாக ஒரு குடைவு இருப்பதைக் கவனித்தீர்களா? அதற்குள் சதுர ஆவுடை என்னும் பீடத்தின் மேல் ஓர் இலிங்கம் இருக்கிறது. பக்கத்திலேயே வெடிமருந்து வைக்கும் அறையாகச் சொல்லப்படும் இடமும் இருக்கிறது. உள்கோட்டையிலும் ஒரு கோயில் உண்டு என்பதற்கு அந்தச் சிறு குடைவரை சாட்சி. பீரங்கியைப் பார்க்க ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தொண்டிக் கரையோரம்:

விளக்கத்துக்கு நன்றி. அந்தச் சிறு குடைவை நானும் தாண்டிப் போனவன்தான். அடுத்த முறை நின்று பார்ப்பேன்.

புல்லாணி வாசகி:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். நான் திருப்புல்லாணியில் பிறந்து வளர்ந்தவள் என்பதால், பெருமாளின் பள்ளிகொண்ட கோலம் எங்களுக்கு வீட்டு உறவு போன்றது. எங்கள் ஊரில் இராமபிரான் தர்ப்பைப் புல்லின் மேல் சயனித்திருக்கிறார். கடலரசன் வழிவிட வேண்டும் என்று காத்துக் கிடந்த கோலம் அது. பாண்டிய நாட்டுத் திவ்ய தேசங்கள், அதாவது ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்கள், 18 என்பார்கள். திருப்புல்லாணியும் திருமெய்யமும் இரண்டும் அதில் அடங்கும், இரண்டையும் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். பாசுரங்களில் ஊரின் பெயர் மெய்யம் என்றே வரும். மெய்யம் என்பது சத்தியம் என்று வடமொழியில் ஆகி, மலை சத்தியகிரி ஆயிற்று, பெருமாள் சத்தியமூர்த்தி ஆனார், குளம் சத்திய புஷ்கரணி ஆயிற்று. பேச்சு வழக்கில் திருமெய்யம் தேய்ந்து திருமயம் ஆகிவிட்டது. கோட்டைக்கு ஊர்ப் பெயர் வந்ததே கோயிலால்தான் என்பதை இதிலிருந்தே சொல்லலாம். அந்த ஊரில் 1887இல் பிறந்த விடுதலைப் போராட்டத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தியின் பெயரிலும் அந்தப் பெருமாளின் பெயரே நிற்கிறது.

திருப்புல்லாணியின் சயனமும் திருமெய்யத்தின் சயனமும் உணர்வால் வேறுபட்டவை. எங்கள் பெருமாள் துயரத்தோடு காத்திருப்பவர். திருமெய்யத்தில் நிகழ்வது ஒரு போர்க்காட்சி. மது, கைடபர் என்னும் அசுரர் இருவர் தாக்க வருகிறார்கள். பெருமாள் துயில் கலையாமல் இருக்க, ஆதிசேடன் தன் வாய்களால் நச்சுத் தீயை உமிழ்கிறான். அசுரர்கள் அஞ்சி ஓடுகிறார்கள். அனுமதி பெறாமல் செய்துவிட்டோமே என்று ஆதிசேடன் அஞ்ச, பெருமாள் அவனைத் தட்டிக்கொடுப்பது போலக் கையை நீட்டித் தேற்றுகிறார் என்பது அங்கே சொல்லப்படும் தலபுராணம். தேவர்களும் முனிவர்களும் மேலே சூழ்ந்திருக்க, அசுரர்கள் ஒரு மூலையில் இருக்க, நடுவில் அத்தனை பெரிய திருமேனி பாறையிலேயே நீண்டு கிடக்கிறது. மாமல்லபுரத்து மகிடமர்த்தினி மண்டபத்திலும் இதே காட்சி உண்டு. ஆனால் திருமெய்யத்தின் விரிவும் அளவும் வேறு. தமிழகத்துக் குடைவரைச் சயனத் திருமேனிகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. ஆதிரங்கம் என்று அதை அழைப்பதும் அந்தப் பெருமிதத்தால்தான்.

முதல்முறை நான் அங்கே போனது பாட்டியோடு. தீப ஒளியை அர்ச்சகர் திருமுகத்திலிருந்து திருவடி வரைக்கும் நகர்த்திக் காட்ட, ஒரே பார்வையில் முழுத் திருமேனியையும் காண முடியாமல், ஒளி போகும் இடமெல்லாம் கண்ணும் போயிற்று. கோட்டையை அன்று நாங்கள் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பாட்டிக்குத் திருமெய்யம் என்றால் பெருமாளும் தாயார் உய்யவந்த நாச்சியாரும்தான்.

பாம்பன் காற்று:

கோயில் பழையது என்பதை ஒப்புக்கொள்கிறேன், மறுப்பதற்கு இடமில்லை. அப்படியானால் அடுத்த கேள்வி எழுகிறது. குடைந்தவர் யார்? மகேந்திரவர்ம பல்லவன் குடைந்தது என்று நான் பல இடங்களில் படித்திருக்கிறேன். குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் அவனுடையது என்பார்கள். அதையே பிள்ளைகளுக்கு எழுதிவிடலாமா?

கல்வெட்டு மாணவன்:

அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கருத்து ஒரு காலத்தில் பரவலாக இருந்தது, இன்றும் பயண நூல்களில் அப்படியே எடுத்து எழுதப்படுகிறது. ஆனால் குடைவரைகளின் அமைப்பைக் கொண்டு பார்க்கிறவர்கள் இதைப் பல்லவர் பணியாக ஏற்கத் தயங்குவதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

மகேந்திரவர்மனின் குடைவரைகளில் கருவறை இலிங்கத்தைத் தாய்ப்பாறையிலேயே செதுக்கும் வழக்கம் இல்லை. பாண்டிய நாட்டிலும் முத்தரையர் பகுதியிலும் உள்ள குடைவரைகளில், கருவறையைக் குடையும்போதே நடுவில் பாறையை விட்டு, அதையே ஆவுடையாகவும் இலிங்கமாகவும் செதுக்கியிருப்பார்கள். திருமயத்துச் சிவன் குடைவரை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அந்த இலிங்கத்தை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து நிறுவவில்லை. அது மலையின் உறுப்பு. மலையை அகற்றாமல் அதை அகற்ற முடியாது.

அதே குடைவரையில் கருவறைக்கு எதிர்ச்சுவரில் இலிங்கோத்பவர் சிற்பம் இருக்கிறது. அடிமுடி காணா அனற்பிழம்பிலிருந்து சிவன் வெளிப்படும் காட்சி. பிற்காலக் கோயில்களில் இலிங்கோத்பவரைக் கருவறையின் பின்புறச் சுவர் மாடத்தில் காண்போம். இங்கே கருவறை இலிங்கமும் எதிர்ச்சுவர் இலிங்கோத்பவரும் நேருக்கு நேர் நிற்க, நடுவில் நாம் நிற்கிறோம். பிள்ளையார்பட்டிக் குடைவரையிலும் இலிங்கோத்பவர் உண்டு. இரண்டு ஊர்களும் ஒரே நாளில் போய்வரும் தொலைவில் இருப்பதால், பிள்ளைகளை இரண்டுக்கும் அழைத்துச் சென்று ஒப்பிட்டுக் காட்டலாம்.

இசைக் கல்வெட்டைப் பற்றிக் கேட்டீர்கள். குடுமியான்மலையில் இருப்பது கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக இசைச் சுரங்களின் கோவைகள் எழுதப்பட்ட நீண்ட கல்வெட்டு. அதை வெட்டுவித்தவன் உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் என்று மட்டுமே அது சொல்கிறது, அரசனின் பெயரைச் சொல்லவில்லை. திருமயத்துச் சிவன் குடைவரையிலும் அதே வகையான இசைக் கல்வெட்டின் எச்சம் இருக்கிறது. பரிவாதினி என்னும் யாழ் வகையின் பெயரும் அங்கே உண்டு. ஆனால் அதன் மேலேயே பிற்காலத்தில் வேறொரு கல்வெட்டை வெட்டிவிட்டதால், பழைய எழுத்தில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. எனக்கு அந்தச் சுவரின் முன்னால் நிற்கும்போதெல்லாம் மனம் கனக்கும். மிஞ்சியிருக்கும் சில சொற்கள்தான் அங்கே ஒரு காலத்தில் யாழும் பண்ணும் கல்லில் வைத்துப் போற்றப்பட்டன என்பதற்குச் சான்று. மேலே வெட்டியவர்களைப் பகைவர் என்று சொல்லவும் முடியாது. கோயிலுக்குரிய உரிமையைப் பதிவு செய்ய இடம் தேடியவர்கள், கீழே இருந்ததைப் படிக்க அறியாமல் போயிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆகவே எழுதும்போது, 7 அல்லது 8ஆம் நூற்றாண்டில் குடையப்பட்ட, 8 அல்லது 9ஆம் நூற்றாண்டில் முத்தரையர் குடும்பத்தால் புதுப்பிக்கப்பட்ட கோயில் என்று எழுதுவதே பாதுகாப்பானது.

கீழக்கரை வாசகர்:

ஐயா, நான் வரலாறு படித்தவன் அல்லன், ஆயினும் இந்தக் கோயில்களைப் பற்றி நான் படித்ததில் என் மனத்தில் பதிந்தது கோட்டையோ சிற்பமோ அன்று. 1245ஆம் ஆண்டுக் கல்வெட்டுதான். சிவன் கோயிலாருக்கும் பெருமாள் கோயிலாருக்கும் நிலம், வருவாய், வழிபாட்டு உரிமை ஆகியவற்றில் நெடுநாள் வழக்கு நடந்தது. கன்னட நாட்டுப் போசளப் பேரரசின் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில், பல நாட்டுச் சபையோரும் இரு சமயத்துப் பெரியோரும் கூடி, வழக்கைத் தீர்த்து, வருவாயைப் பங்கிட்டு, இரு கோயில்களுக்கும் இடையில் மதில் எழுப்பி, அந்த முடிவைக் கல்லிலும் வெட்டினார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டால், அந்தக் கோயிலின் வரலாற்றில் மனிதர்களே இல்லாமல் போய்விடுவார்கள்.

எங்கள் ஊரில் பள்ளிவாசல் கட்டட அமைப்பைப் பற்றிப் பேசும்போதும், தூணையும் வளைவையும் பற்றிப் பேசுவோம். அதைக் கட்டிக் காத்தவர்களுக்குள் எழுந்த வழக்குகளையும் அவை தீர்ந்த விதத்தையும் பேச மாட்டோம். அந்த ஆவணங்கள் பெரும்பாலும் காகிதத்தில் இருந்ததால் செல்லரித்துப் போய்விடும். திருமயத்தில் கல்லில் நிற்கிறது என்பது பெரும் பேறு.

புல்லாணி வாசகி:

கீழக்கரை வாசகர் சொன்னதைப் பணிவோடு சற்று மாற்றிச் சொல்ல விரும்புகிறேன். அந்த மதிலைப் பற்றிச் சொல்லும்போது சைவரும் வைணவரும் பகைத்துப் பிரிந்தார்கள் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது. ஒரே குன்றின் ஒரே பாறையை இரு சமயத்தாரும் முன்பே பகிர்ந்து வழிபட்டிருந்தார்கள் என்பதால்தான் வழக்கே வந்தது. எல்லைப் பூசல் என்பது அடுத்தடுத்து வாழ்கிறவர்களுக்குள் வருவது.

கீழக்கரை வாசகர்:

ஒப்புக்கொள்கிறேன், அம்மா. ஆனாலும் பூசலை மென்மைப்படுத்திச் சொல்ல வேண்டியதில்லை என்பதே என் நிலை. அது வெறும் வாய்ச்சண்டையாக இருந்திருந்தால் ஒரு பேரரசின் தளபதி வந்து அமர்ந்து கேட்க வேண்டிய தேவை எழுந்திராது. பாண்டிய நாட்டில் பாண்டியனுக்குப் பதில் போசளத் தளபதி தீர்ப்புச் சொல்கிறார் என்பதிலிருந்தே அந்நாளின் அரசியல் நிலையும் தெரிகிறது. பிணக்கு உண்மை, தீர்வும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

கல்வெட்டு மாணவன்:

இருவர் சொல்வதும் பொருந்தும். நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கோட்டை மதில்கள் வருவதற்கு 400 ஆண்டுகளுக்கு மேல் முன்னரே திருமயத்தில் ஒரு மதில் வழக்காகவும் தீர்ப்பாகவும் எழுந்திருந்தது. அந்த ஊரின் முதல் மதில் வரலாறு கோட்டையுடையது அன்று, கோயிலுடையது.

தொண்டிக் கரையோரம்:

இப்போது கோட்டையின் பக்கமாகவும் ஒரு திருத்தம் வேண்டும் என்று நினைக்கிறேன். சேதுபதி கோயில்களைக் காப்பதற்காகவே அங்கே கோட்டை கட்டினார் என்று வேறு சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் படை நோக்கில் பார்த்தால், சமவெளியில் தனித்து நிற்கும் உயர்ந்த பாறைக்குன்று, உச்சியிலிருந்து நாற்புறமும் நெடுந்தொலைவு தெரியும் பார்வை, அடிவாரத்தில் குளமும் ஊரும், தெற்கே சேது நாட்டுக்குப் போகும் வழி ஆகியவை போதுமான காரணங்கள். கோயில் இல்லாதிருந்தாலும் அந்தக் குன்றை எந்த அரசனும் விட்டிருக்க மாட்டான்.

கோட்டை நீண்டநாள் சேதுபதிகளிடம் இருக்கவும் இல்லை. கிழவன் சேதுபதி, தம் மனைவி காத்தலி நாச்சியாரின் உடன்பிறந்தவரான இரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைப் பகுதிக்குத் தலைவராக்கினார். கிழவனுக்குப் பின் வந்த தலைமுறையில், சேதுபதி மரபினர்க்குள் வாரிசுப் போர் மூண்டபோது, உதவிக்கு ஈடாகத் திருமயம் கோட்டை தொண்டைமான் வசம் போயிற்று. கட்டியது சேது நாடு, ஆண்டது பெரும்பாலும் புதுக்கோட்டை.

ஊர் மக்கள் அதை ஊமையன் கோட்டை என்று அழைப்பதையும் குறிப்பிட வேண்டும். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பெயரால் வந்த வழக்கு அது. 1799இல் கட்டபொம்மன் பிடிபட்டது திருமயத்துக்கு அருகில் உள்ள காலியாப்பூர்க் காட்டுப் பகுதியில். அந்த நினைவு கோட்டையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஊமைத்துரை அங்கே ஒளிந்திருந்தார் என்றும், அடைபட்டிருந்தார் என்றும் இரு விதமாகச் சொல்கிறார்கள். இதை மக்கள் வழக்கு என்றே எழுத வேண்டும்.

பாம்பன் காற்று:

படை நோக்கைப் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. என் மனம் சற்று இடறுவது வேறொன்றில். சேதுபதிகள் சேது காவலர் என்னும் பட்டத்தைத் தாங்கியவர்கள். இராமேசுவரம் கோயிலின் புகழ்பெற்ற மூன்றாம் பிரகாரத்துக்கு அவர்கள் உழைத்ததை உலகமே அறியும். அந்த மரபில் வந்த ஒருவர் தம் கோட்டைக்குள் இரு பழங்கோயில்கள் அமைந்ததை வெறும் இடச் சேர்க்கையாகக் கருதியிருப்பார் என்று என்னால் எண்ண முடியவில்லை. அவர் மனத்தில் இருந்ததற்குச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண்ணால் காணக்கூடியது ஒன்று உண்டு. கோட்டைக்காகப் பெரும் பாறைகளை வெட்டி அடுக்கியவர்கள், அடிவாரத்துக் குடைவரைகளைத் தொடவில்லை. பாதி மலையில் இருந்த சிறு இலிங்கக் குடைவையும் விட்டுவைத்தார்கள். மதில் தன் வழியே போயிற்று, சாமி தன் இடத்தில் இருந்தது. இந்த அளவுக்காவது எழுதலாம் அல்லவா?

தொண்டிக் கரையோரம்:

தாராளமாக எழுதலாம். அது கண்முன் நிற்கும் செய்தி.

தேவிபட்டினம் ஆசிரியர்:

எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இந்த இழையை அச்செடுத்து வகுப்பில் வாசித்தேன். கேள்வி கேட்ட மாணவியே புதிய குறிப்பை எழுத முன்வந்தாள். அவள் எழுதியதைக் கீழே தருகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

"திருமயம் குன்றின் அடிவாரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் இரண்டு கோயில்கள் 1200 ஆண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்டன. பெரும்பிடுகு பெருந்தேவி என்னும் அம்மையார் பெருமாள் கோயிலைப் புதுப்பித்தார். திருமங்கையாழ்வார் அதைப் பாடினார். 1245இல் இரு கோயிலாருக்கும் இருந்த வழக்கைப் பெரியோர் கூடித் தீர்த்து, கல்லில் எழுதி வைத்தார்கள். 1687இல் நம் கிழவன் சேதுபதி அந்தக் குன்றைச் சுற்றிக் கோட்டை கட்டினார். அப்போது பழைய கோயில்கள் கோட்டைக்குள் வந்தன. குன்றின் நடுவில் இருக்கும் சிறிய சிவன் கோயிலை நாங்கள் பார்க்காமல் வந்துவிட்டோம். அடுத்த முறை பார்ப்போம்."

கல்வெட்டு மாணவன்:

மிக நன்றாக எழுதியிருக்கிறாள். முதல் வரியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், ஐயா. "கட்டப்பட்டன" என்பதற்குப் பதில் "குடையப்பட்டன" என்று இருக்க வேண்டும்.

தேவிபட்டினம் ஆசிரியர்:

மாற்றிவிட்டாள். கோட்டைக்கு மட்டும் "கட்டினார்" என்பதை அப்படியே விட்டிருக்கிறாள். தை மாதம் பரீட்சைக்கு முன்னால் மறுபடி ஒரு பயணம் போகலாம் என்று தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த முறை முதலில் பிள்ளையார்பட்டி, பிறகு திருமயத்தில் இரு கோயில்கள், கடைசியாகக் கோட்டை என்று வரிசையை வைத்திருக்கிறோம். கல்வெட்டு மாணவன் தம்பி அன்று காரைக்குடிப் பக்கம் இருந்தால், அந்த இசைக் கல்வெட்டுச் சுவர் எது என்று பிள்ளைகளுக்குக் காட்டித் தர வேண்டுகிறேன்.

கல்வெட்டு மாணவன்:

வருகிறேன், ஐயா. எந்த நாள் என்பதை மட்டும் முன்னதாகச் சொல்லுங்கள்.